ரோஸ் தாளில் எழுதியது

கிருஷ்ணன்கோவில் சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் ஹோட்டலில் நிவேதா மேலாளராக இருக்கிறாள். பதினோரு வருடங்களுக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்தவள். போன மாதம் வீட்டுக்கு வந்து, தன்னிடம் சேர்ந்திருக்கும் புதியவர்களுக்காக நான்கைந்து பக்கம் எழுதித் தரச் சொன்னாள். இப்போது அறைச் சாவிகூட கைபேசியிலேயே வந்துவிடுகிறதாம். விருந்தினர்கள் ரிசப்ஷன் பக்கம் திரும்பாமலே அறைக்குப் போய்விடுகிறார்களாம். "ஆளுங்களோட பேசிப் பழகுறதே இவங்களுக்கு வரல சார். சனி ஞாயிறு கூட்டத்த நீங்க எப்படிச் சமாளிச்சீங்கன்னு எழுதுங்க. நல்ல விஷயமா எழுதுங்க," என்றாள்.

நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அந்த வேலையில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் அதில் ஒரு கெட்ட காரியமும் செய்தேன். அதை விட்டுவிட்டு எழுதினால் மற்றதை எழுதுவதற்கும் எனக்கு யோக்கியதை இல்லை. அதனால் இரண்டையும் எழுதுகிறேன்.

என் அப்பா மிஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்து தலைமையாசிரியர் ஆனவர். எம்.ஏ. ஆங்கிலம் முடித்த மகன் கல்லூரியில் பாடம் நடத்துவான் என்று எதிர்பார்த்தார். நான் சென்னையில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனிஸ்டாகச் சேர்ந்தேன். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நின்ற முதல் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குக் கதவு திறந்து விடுற?" என்று ஒரே ஒரு வரி கடிதம் எழுதினார். சென்னை, கொடைக்கானல், கோவளம் என்று இருபது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டது. ஐம்பதை நெருங்கும்போது ஊருக்குத் திரும்பினேன். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையைப் பார்த்த ஒரு மாந்தோப்புக்குள், உள்ளூர்க்காரர் ஒருவர் இருபத்திரண்டு அறைகளோடு ஒரு ஹோட்டல் கட்டியிருந்தார். அதில் என்னை ஃப்ரண்ட் ஆபீஸ் மேனேஜராகச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஊரில் யாரும் அதை நம்பவில்லை. என் சித்தப்பா மகன் நேராகவே கேட்டான்: "பால்கோவா வாங்க வருவான், நாய்க்குட்டி வாங்க வருவான். அம்புட்டு ரூபாய் குடுத்து நம்மூருல வந்து தூங்க எவன்ணே வருவான்?"

வந்தார்கள். சனிக்கிழமை காலை சென்னை ரயிலில் வந்து இறங்கினார்கள். மதுரையிலிருந்து காரில் வந்தார்கள். பெங்களூரிலிருந்து இரவெல்லாம் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு வேண்டியிருந்தது தூக்கம்தான். மதுரையிலிருந்து ஒரு டாக்டர் தம்பதி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார்கள். வந்ததும் போனை எங்கள் மேசையில் ஒப்படைத்துவிட்டுப் போய், ஞாயிறு மதியம் வாங்கிக்கொள்வார்கள். அந்த ஒன்றரை நாளில் இரண்டு முகமும் எப்படி மாறும் என்று பார்ப்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் விடுமுறை எடுப்பதில்லை.

எங்கள் பொது மேலாளர் ரேவதி மேடம் சென்னைக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். வெள்ளிக்கிழமை மதியம் ஒவ்வொரு அறைக்குள்ளும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார். கண்ணால் பார்ப்பதற்கு முன் காலால் பார்ப்பார். ஒரு மணல் நெருடினாலும் நின்றுவிடுவார். திட்ட மாட்டார். அறையைப் பெருக்கியவருக்குப் புரியும் வரை அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார். பிறகு கட்டிலில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்ப்பார். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கூரையைத்தான், நாம் யாரும் அதைப் பார்ப்பதே இல்லை என்பார். அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இருபது வருட அனுபவத்தில் நான் ஒரு நாளும் ஒரு விருந்தினரின் கட்டிலில் படுத்துப் பார்த்ததில்லை.

ஒருமுறை விருதுநகரிலிருந்து மூன்று அக்கா தங்கைகள் வந்தார்கள், மூவருக்கும் ஐம்பதுக்கு மேல் இருக்கும். எங்கள் ஹோட்டலின் பெருமையே வானம் பார்த்த குளியலறைதான். சுற்றிலும் உயரமான சுவர், மேலே கூரை கிடையாது. உள்ளே போன மூத்தவர் ஐந்தே நிமிடத்தில் ரிசப்ஷனுக்குத் திரும்பி வந்துவிட்டார். "ஏந்தம்பி, கட்டடம் இன்னும் முடியலயா?" என்று கேட்டார். நான் விளக்கிச் சொன்னேன். "அது சரி. காக்கா பாக்குதே," என்றார். சாயங்காலம் போய்ப் பார்த்தால், மூன்று சுங்கடிச் சேலைகளைச் சுவருக்குச் சுவர் பந்தல் போல இழுத்துக் கட்டி, அதன் நிழலில் ஆனந்தமாகக் குளித்திருக்கிறார்கள். ரேவதி மேடம் அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் நின்றார். அடுத்த மாதம் எல்லாக் குளியலறைகளுக்கும் இழுத்து மூடும்படி சுங்கடித் துணியில் பந்தல் தைத்தாயிற்று. வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் படம் எடுத்துப் போட்டார்கள்.

அவருடைய சட்டம் ஒன்று உண்டு. ரிசப்ஷனில் மூன்று சொற்களுக்கு இடமில்லை: இல்லை, முடியாது, தெரியாது. எதையும் வேறு விதமாகச் சொல்ல வழி இருக்கிறது என்பார். நான் அதில் கைதேர்ந்தவன் ஆனேன். நீச்சல் குளம் மூடியிருந்தால், "ஐந்து மணிக்குக் குளம் உங்களுக்குத் தயாராக இருக்கும்" என்பேன். ஸ்ரீவில்லிபுத்தூர் கோவில் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் யாராவது கேட்டால், "நான்கு மணிக்குக் கோபுரத்தில் வெயில் விழும்போது பாருங்கள், அழகாக இருக்கும்" என்பேன். நடை சாத்தியிருக்கிறது என்று சொல்லவே மாட்டேன். இதை ஒரு திறமையாக நினைத்துப் பெருமைப்பட்டேன். இன்று யோசித்தால், அந்தப் பழக்கம் நாக்கில் ஏறியதும் நான் பொய்க்குப் பாதி தூரம் போய்விட்டேன் என்று தோன்றுகிறது. அதற்காக மேடத்தைக் குறை சொல்லவில்லை. மீதிப் பாதியை நானே நடந்தேன்.

வெளியே சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்காக ஓர் அட்டை தயாரித்திருந்தேன். இரண்டு நாள், இரண்டு ஊர் என்று தலைப்பு. சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர், ஞாயிறு ராஜபாளையம், நடுவே ஒரு மாலை மலையடிவாரத்து ஓடையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. ஆங்கிலத்தில் நானே எழுதியது. முதலாளி ஒரு பிரதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு லாபியில் மாட்டச் சொன்னார். ஓடையைப் பற்றிய இரண்டு வரிகளை விருந்தினர்கள் என்னிடமே வாய்விட்டுப் படித்துக் காட்டுவார்கள். எனக்கு அது தித்திக்கும்.

வெளியே போகும் ஒவ்வொரு வண்டிக்கும் டிரிப் ஷீட் எழுத வேண்டும். புத்தகத்தில் வெள்ளைத் தாளும் ரோஸ் தாளும் மாறி மாறி இருக்கும், நடுவில் கார்பன் வைத்துக்கொள்வோம். விருந்தினர் பெயர், வண்டி எண், டிரைவர் பெயர், போகும் இடம், கிளம்பிய நேரம், கீழே என் கையெழுத்து. வெள்ளைத் தாளைக் கிழித்து டிரைவரிடம் கொடுத்துவிடுவோம். ரோஸ் தாள் புத்தகத்திலேயே இருக்கும். அந்தத் தாளில் இல்லாத இடத்துக்கு டிரைவர் வண்டியைத் திருப்பக் கூடாது.

கருப்பசாமி எங்கள் டிரைவர்களில் ஒருவர், தளவாய்புரத்துக்காரர். அப்போது முப்பத்திரண்டு வயது இருக்கும். அவருடைய மாமனார் சங்கிலிமுத்து, ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரியாக இருந்தவர், என் அப்பாவிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். அந்த உரிமையில் என்னைத் தேடி வந்து, மகளைக் கொடுத்த பையனுக்கு வேலை கேட்டார். நான்தான் சேர்த்துவிட்டேன்.

அது ஓர் ஐப்பசிச் சனிக்கிழமை. பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது: கணவர், மனைவி, ஏழு வயதுப் பெண் குழந்தை, கணவரின் அம்மா. காலையில் அவர்களுக்குக் குளம் கிடைக்கவில்லை. மதியம் அறை மாற்ற வேண்டியிருந்தது. அந்த மனிதர் பொறுமை இழந்திருந்தார். மூன்று மணிக்கு அட்டையோடு வந்து, ஓடைக்காவது போக முடியுமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். டிரிப் ஷீட்டில் ஓடை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கருப்பசாமியிடம் நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். "சார், மலையில கருப்பா எறங்கிருக்கு. ஓடைப் பக்கம் இன்னைக்கு வேண்டாம்," என்றார்.

"இங்க வெயில் அடிக்குதேப்பா," என்றேன்.

"இங்க அடிக்கும் சார். தண்ணி அங்கருந்துல்ல வரும்."

அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இந்த மலைக்குக் கீழே பிறந்தவன் நான். மேலே மேகம் கட்டினால் கீழே ஓடையில் இறங்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் நான் தாராளமாக என்று சொல்லியாயிற்று. அதைத் திருப்பிச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. "செத்த நேரம் காட்டிட்டுக் கூட்டிட்டு வந்துருப்பா," என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஓடையில் நடந்ததை அந்தக் குடும்பமும் கருப்பசாமியும் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் வண்டியில் உட்காரவில்லை. நூறடி மேலே போய் ஒரு பாறையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணீர் டீ நிறமாகிச் சருகும் குச்சியும் மிதந்து வந்ததும் கத்திக்கொண்டே ஓடிவந்து, வயதான அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, அந்த மனிதரின் மனைவியையும் இழுத்துக் கரையேற்றியிருக்கிறார். அவசரத்தில் அம்மாவின் கால் ஒரு கல்லில் இடித்துக் கணுக்கால் முறிந்தது. தகப்பனும் குழந்தையும் எதிர்ப்பக்கத்துப் பாறையில் நின்றுவிட்டார்கள். நடுவே இடுப்பளவு வெள்ளம். குறுக்கே போக முயன்ற கருப்பசாமியையும் அது கரைக்கே தள்ளிவிட்டது. தோப்புக்காரர்கள் கயிறு கொண்டு வரும் வரை ஒன்றரை மணி நேரம் அவர் கரையில் நின்று அந்தக் குழந்தையிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். தன் வீட்டு ஆடுகள் ஒவ்வொன்றின் பெயரையும் கத்திச் சொன்னாராம். குழந்தை எனக்கு அந்தப் பெயர்களை வரிசையாக ஒப்பித்தது.

ஆறரை மணிக்குத் திரும்பி வந்தார்கள். அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அந்த மனிதர் ரேவதி மேடத்தின் அறையில் உட்கார்ந்தார். மழை இருப்பது தெரிந்தும் யார் அனுப்பியது என்று கேட்டார். மேடம் என்னைப் பார்த்து, டிரிப் ஷீட் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

அவர் அறைக்கும் என் மேசைக்கும் நாற்பது அடி இருக்கும். போகும்போது எனக்கு எந்த யோசனையும் இல்லை. புத்தகத்தைத் திறந்து ஓடை என்ற என் எழுத்தைப் பார்த்ததும் கை தானாக வேலை செய்தது. அந்த ரோஸ் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டேன். அடுத்த வெள்ளைத் தாளையும் கிழித்துவிட்டு, அதன் ரோஸ் தாளில் அதே பெயர்களை எழுதினேன். போகும் இடம் என்ற வரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோவில், பால்கோவா கடை என்று எழுதினேன். கருப்பசாமியிடம் இருந்த வெள்ளைத் தாள் தண்ணீரில் கூழாகியிருந்ததை, அவர் பையிலிருந்து எடுத்துப் பிழிந்தபோது பார்த்திருந்தேன். அந்த நினைப்பும் அப்போது இருந்தது. அறியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

மேடம் புத்தகத்தை வாங்கிப் படித்தார். கட்டைவிரலால் அந்த எழுத்தை ஒருமுறை தடவினார். கருப்பசாமியைக் கூப்பிட்டார். ஈரச் சட்டையோடு வந்து நின்றவரிடம், யாரைக் கேட்டு ஓடைக்குப் போனாய் என்றார். "சார்ட்ட சொல்லிட்டுத்தான் மேடம் போனேன்," என்று அவர் என்னைப் பார்த்தார். நான் புத்தகத்தைப் பார்த்தேன். "நான் கோவிலுக்குத்தான் எழுதினேன்," என்றேன்.

கருப்பசாமி வண்டிச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

இதைவிட மோசமானது புதன்கிழமை நடந்தது. மாமனார் சங்கிலிமுத்து வந்தார். சண்டை போட வரவில்லை. மருமகன் சொல்வது உண்மையா என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தார். லாபியில் சோபாவில் உட்காராமல் விளிம்பில் நின்றார். அப்போது நான் வாய் திறந்திருந்தால் போதும். புத்தகத்தைக் கொண்டுவந்து அந்த ரோஸ் தாளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "சாரு மகன் எழுதினதுல தப்பு இருக்காது," என்று என் அப்பாவை நினைத்துச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு எனக்கு எல்லாம் நன்றாகவே நடந்தது. உதவிப் பொது மேலாளர் ஆனேன். நிவேதாவைப் போல நல்ல பிள்ளைகள் பலரைப் பழக்கினேன். மகளுக்குக் கல்யாணம் செய்தேன். அட்டையிலிருந்து ஓடையை எடுத்துவிட்டேன், காரணம் கேட்டவர்களிடம் கொசு என்றேன். ரேவதி மேடம் வேறு ஊருக்கு மாறிப் போன அன்று, காரில் ஏறுவதற்கு முன் என்னைத் தனியே அழைத்தார். "அந்த ரோஸ் தாளில் கார்பன் இல்லை, சாமுவேல். பேனா மை இருந்தது. எனக்கும் அன்றைக்கு அதுதான் வசதியாக இருந்தது," என்றார். பதிலை எதிர்பார்க்காமல் ஏறிக்கொண்டார். தரையில் ஒரு மணல் கிடந்தாலே கண்டுபிடிக்கிறவர் அவர். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கும் தெரிந்துதான் இருந்தது.

நிவேதா கேட்டுவிட்டுப் போன பிறகு மூன்று நாள் எழுத உட்கார்ந்தேன். சேலைப் பந்தல் கதை வந்தது, அடுத்த வரி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச்சிலிருந்து நேராகத் தளவாய்புரம் பஸ் ஏறினேன். ராஜபாளையத்தில் என் வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. விலாசம் எனக்குத் தெரியும். அவரை வேலைக்குச் சேர்த்த அன்று நானே எழுதிய விலாசம் அது. பதின்மூன்று வருடமாக அந்த அரை மணி நேரம் எனக்குக் கிடைக்கவில்லை.

கருப்பசாமி வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். இப்போது சொந்தமாக இரண்டு வண்டி வைத்திருக்கிறார். மதுரை விமான நிலையத்திலிருந்து குற்றாலம் வரை வாரக்கடைசிப் பயணிகளை ஏற்றி இறக்குவதுதான் தொழில். என்னைப் பார்த்ததும் குழாயை அடைத்தார். "வாங்க சார். உக்காருங்க, சட்டையப் போட்டுட்டு வாரேன்," என்றார், நேற்றுதான் பிரிந்தது போல. அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு நிலையில் சாய்ந்து நின்றார்.

தாளைக் கிழித்ததையும் மாற்றி எழுதியதையும் சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் கோபப்படுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இது எனக்குத் தெரியாதா சார்? நீங்க எழுதுறதப் பாத்துட்டுத்தான வண்டிய எடுத்தேன். தெரியாத ஆளுட்டல்ல சொல்லணும்."

அவர் மனைவி, "எங்கய்யா கிட்ட சொல்லுங்க," என்றார்.

சங்கிலிமுத்து அடுத்த தெருவில் இருக்கிறார். எண்பது வயது. அன்றிலிருந்து அவர் மருமகனின் வண்டியில் ஏறியதே இல்லை. கண் ஆபரேஷனுக்கும் பஸ்ஸில்தான் போனார். பேரப்பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கம் தகப்பனோடு அனுப்பக் கூடாது என்று மகளிடம் உத்தரவு. எல்லா விசேஷத்திலும் மருமகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் "டிரைவரு" என்றுதான் சொல்வாராம். கருப்பசாமி இதையெல்லாம் வேடிக்கையாகச் சொன்னார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

போனோம். பெரியவர் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அருகே குனிந்து மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன்.

"என்ன முணுமுணுக்காரு?" என்று மகளைப் பார்த்தார்.

"அவியளுக்குக் காது அவுட்டு சார்," என்றார் கருப்பசாமி. "சத்தமாச் சொல்லுங்க."

தனியாக, தணிந்த குரலில், கண்ணீரோடு சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்ததை நடுத்தெருவில் நின்று கத்திச் சொன்னேன். கருப்பசாமி மேல் தப்பில்லை, நான்தான் போகச் சொன்னேன், தாளில் எழுதியது பொய். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. எதிர்வீட்டில் ஒரு பெண், "என்னவாம்ட்டி?" என்று பக்கத்து வீட்டைக் கேட்டார். "டிரைவரு மேல தப்பில்லையாம். இந்தாளு மேலதானாம்," என்று பதில் வந்தது.

பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கு நீரு தாளக் காட்டுனீரு. இன்னைக்கு வாயால சொல்லுதீரு. தாளுல எழுதும்," என்றார்.

பேத்தியின் நோட்டிலிருந்து ஒரு தாள் வந்தது. நாற்காலி முனையில் வைத்து எழுதினேன். வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உதடு அசையப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"சூழ்நிலை நிர்ப்பந்தத்தாலன்னு எழுதிருக்கீரு. யாரு உம்ம நிர்ப்பந்திச்சா?"

யோசித்துப் பார்த்தேன். "யாரும் இல்ல," என்று கத்தினேன்.

"அப்ப அத அடியும்."

அடித்தேன். அதன் மேல், பயத்தினால் என்று எழுதினேன். மறுபடி படித்தார். தலையை ஆட்டிவிட்டு நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு கையை ஊன்றி எழுந்து வேட்டியைச் சரி செய்தார்.

"மாப்ள," என்றார். "சாரு மகன் பஸ்ஸுலயா போவாரு? வண்டிய எடு."

கருப்பசாமி மனைவியைப் பார்த்தார். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் பின்சீட்டில் உட்கார்ந்தேன். பெரியவர் முன்சீட்டில். சேத்தூர் வரும் வரை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு வழியெல்லாம் குறைதான். ஹார்னை ஏன் அமுக்குகிறாய், லாரிக்கு வழி விடு, பிரேக்கைப் பார்த்துப் போடு. கருப்பசாமி ஒவ்வொன்றுக்கும் "சரி மாமா" என்றார், பதின்மூன்று வருடத்துப் பாக்கியையும் சேர்த்துச் சொல்வது போல.

ராஜபாளையத்தில் என் தெருமுனையில் இறங்கிக்கொண்டேன். கருப்பசாமி வண்டியைத் திருப்பப் போனார். பெரியவர் அவர் கையைத் தட்டினார்.

"எதுக்குத் திருப்புற?"

"வீட்டுக்குப் போவணும்ல மாமா," என்று அவர் சத்தமாகச் சொன்னார்.

"வீட்டுல என்ன வேல. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டு."

வண்டி ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் போயிற்று.